மணியடித்துத் தொடங்கும் கூட்டம் ஏரிக்கரைக்கு வரட்டும்

நம் இயக்கத்து நண்பர்களிடம் ரோட்டரி, லயன்ஸ் என்று பேச்செடுத்தால் இரண்டே பதில்தான். "அதெல்லாம் வசதியானவங்க பொழுதுபோக்கு சார்" என்பது ஒன்று. "விழா வெச்சிருந்தாங்க, கூப்பிட்டாங்க, போனேன், பொன்னாடை போட்டாங்க" என்பது இன்னொன்று. முதல் பதிலைச் சொல்பவரே அடுத்த வாரம் இரண்டாவது பதிலையும் சொல்வதுண்டு. எனக்கு இரண்டிலும் திருப்தி இல்லை. இந்தச் சங்கங்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது, கறாராகக் கேட்டு வாங்க வேண்டியதும் இருக்கிறது. பழவேற்காடு ஏரிக்கரையை வைத்து அதைச் சொல்கிறேன். என் நிலம் பொன்னேரிப் பக்கம் ஆரணி ஆற்றுப் படுகையில் இருக்கிறது. என் வயலில் வடிகிற தண்ணீர் கடைசியில் போய்ச் சேருவது அந்த ஏரியில்தான். மீன் அமிலம் போட மீன் கழிவு வாங்குவதும் அந்தக் கரையில்தான். அதனால் மாதம் இரண்டு தடவையாவது அங்கே போய் வருகிறேன்.

வங்கியில் வேலை பார்த்த காலத்தில் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் முதல் மாதமே சங்கத்துக்காரர்கள் வந்துவிடுவார்கள். ஊரில் ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஒரு அரிசி ஆலைக்காரர், ஒரு வங்கி மேலாளர் என்று தொழிலுக்கு ஒருவரைச் சேர்ப்பது ரோட்டரியின் பழைய வழக்கம். அப்படிப் பல ஊர்க் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் வெளியிலிருந்து கேள்விப்பட்டதை வைத்து எழுதவில்லை.

முதலில் அந்தப் பெயரைப் பாருங்கள். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோ நகரத்தில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று பேரோடு உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது ரோட்டரி. அந்த மூவரில் ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் துணி தைத்து விற்பவர். இன்று என் அலுவலகம், அடுத்த முறை உன் கடை என்று இடத்தை மாற்றி மாற்றிக் கூடினார்கள். அந்தச் சுழற்சியிலிருந்து வந்ததுதான் ரோட்டரி என்ற பெயர். பிறகு ஓட்டல் ஹால் வந்தது, சுழற்சி நின்றது, பெயர் மட்டும் மிஞ்சியது.

இப்போது பழவேற்காட்டுக்கு வாருங்கள். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி நம் திருவள்ளூர் மாவட்டத்தில். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தீவு. பல இடங்களில் இடுப்பளவுதான் ஆழம். இந்த ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் 'பாடு' என்ற முறை இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் அதிகமாக ஓடும் இடங்கள் சில. அந்த இடத்தில் எல்லாரும் ஒரே நாளில் சுத்துவலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். ஆகவே இடத்தைப் பாடுகளாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, யார் எந்த நாள் எந்தப் பாட்டில் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல பாடு கிடைத்தவர் நாளை அடுத்தவருக்கு விட்டுத்தர வேண்டும். முறையை மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து கேட்கும். தலைக்கட்டுக் கணக்கு வைத்திருக்கிறார்கள், கூட்டம் போடுகிறார்கள், அபராதமும் உண்டு. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கட்டுவலைக்கு இதே போலச் சீட்டுப் போட்டு இடம் பிரிக்கும் வழக்கம் இருக்கிறது.

சிகாகோக்காரர்கள் நாற்காலியைச் சுழற்றினார்கள். நம் குப்பத்துக்காரர்கள் சோற்றுக்கு ஆதாரமான தண்ணீரையே சுழற்றிக்கொண்டிருக்கிறார்கள். எது பெரிய காரியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பாடு முறையைப் புனிதமாக்கிப் பேசவும் நான் தயாரில்லை. அது எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் முறை அல்ல. பட்டினவர் தலைக்கட்டுக்குள் இருப்பவருக்குத்தான் சீட்டு. ஏரியை நம்பிப் பிழைக்கும் மற்றச் சாதிக்காரர்களுக்கும், பாடு உரிமை இல்லாத மற்றக் குப்பங்களுக்கும் நல்ல இடம் கிடைக்காமல் பல ஆண்டுகளாக மனத்தாங்கல் உண்டு. இருளர் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, பறியை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு எந்தச் சீட்டும் இல்லை. ஆனாலும் ஒன்று உண்மை. ஏரிக்கரையில் எதையாவது செய்ய நினைப்பவர், அங்கே ஏற்கெனவே கூடி உட்கார்ந்து கணக்குப் பார்த்து முடிவெடுக்கிற ஒரு ஏற்பாடு இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டுதான் உள்ளே வர வேண்டும். வெறும் இடத்துக்கு வருவது போல வரக்கூடாது.

பெரும்பாலும் வெறும் இடத்துக்கு வருவது போலத்தான் வருகிறார்கள்.

ஏரிக்கரையில் ஒரு குப்பம். பெயர் வேண்டாம். அந்த ஊருக்கு ஒரு சங்கம் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டிக் கொடுத்தது. ஆர்.ஓ. மிஷின், பெரிய சிண்டெக்ஸ் தொட்டி, தகரக் கொட்டகை, வாசலில் கிரானைட் கல்வெட்டு. கல்வெட்டில் வெளிநாட்டுச் சங்கத்தின் பெயர், உள்ளூர்ச் சங்கத்தின் பெயர், தலைவர், செயலாளர், பொருளாளர், ஆளுநர் எல்லார் பெயரும் இருக்கிறது. திறப்பு விழாவுக்கு வெள்ளைக்கார விருந்தினர்கள்கூட வந்தார்களாம். ஒன்றரை வருஷம் ஓடியது. உப்புத் தண்ணீரில் மெம்பரேன் அடைத்துக்கொண்டது. மாற்றப் பணம் யார் தருவது? கேன் ஒன்றுக்கு இவ்வளவு என்று வசூலித்த பையன் மீன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். கரண்ட் பில் பாக்கி நின்றது. பூட்டிவிட்டார்கள். நான் பார்த்தபோது கொட்டகைக்குள் வலை காய்ந்துகொண்டிருந்தது. மீன் கூடையோடு வந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன். "மிஷின் நல்ல மிஷின்தான் சார். வெச்சவங்கதான் அப்பறம் வர்ல. எங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா, மழத்தண்ணி புடிக்க தொட்டி கட்டிக் குடுங்கன்னு சொல்லியிருப்போம்" என்றார்.

அந்த அம்மா சொன்னதில் ஒரு பொறியியல் நியாயமும் இருக்கிறது. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நிலத்தடி நீரைச் சென்னைக்கும் பாசனத்துக்கும் உறிஞ்சி உறிஞ்சி, கடல்நீர் உள்ளே ஏறி எத்தனையோ வருஷமாகிறது. உப்பேறிய ஊரில் ஆர்.ஓ. வைத்தால் உள்ளே போகிற தண்ணீரில் பெரும்பங்கு இன்னும் அதிக உப்போடு கழிவாக வெளியே வரும். அதை எங்கே விடுவது? மணலில் விட்டார்கள். அது மறுபடி அதே ஊற்றுக்கு இறங்கும். மழை பெய்கிற மூன்று மாதத்தைப் பிடித்து வைக்கிற தொட்டிக்கு மெம்பரேனும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஆனால் தொட்டியைத் திறந்து வைத்தால் போட்டோ அவ்வளவு நன்றாக வராது, என்ன செய்ய!

ஏன் இப்படி நடக்கிறது? அந்தச் சங்கத்துக்காரர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. அவர்களில் பலர் சொந்தப் பணத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் கொடுப்பவர்கள். கோளாறு காலண்டரில் இருக்கிறது.

ரோட்டரி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. தலைவர் பதவி ஒரே ஒரு வருஷம். ஜூலையில் பதவியேற்பு, ஆகஸ்டில் யோசனை, தீபாவளி பொங்கல் போனால் பிப்ரவரி. ஜூனுக்குள் ரிப்பனை வெட்டியாக வேண்டும். வங்கியில் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். எங்களுக்கு மார்ச் 31, அவர்களுக்கு ஜூன் 30. ஐ.ஆர்.டி.பி. என்று ஒரு திட்டம் இருந்தது, உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 1980-இலிருந்து நாடெங்கும் எல்லா வட்டாரங்களுக்கும் வந்தது. ஏழைக் குடும்பத்துக்குக் கறவை மாட்டுக் கடன். மார்ச் மாதம் வந்தால் இலக்கை முடிக்க மாடுகளைத் தேடி ஓடுவார்கள். தீவனம் இருக்கிறதா, பால் எடுக்க ஆள் வருகிறதா, மாட்டு டாக்டர் எத்தனை மைலில் இருக்கிறார் என்று கேட்க மார்ச்சில் யாருக்கும் நேரமில்லை. ஒரே மாடு இரண்டு மூன்று பேர் பெயரில் காது வில்லை மாற்றிக்கொண்ட கதைகள் அந்தக் காலத்துக் கிளைகளில் சாதாரணம். மாடு நல்ல மாடுதான். காலண்டர்தான் கெட்ட காலண்டர்.

இதற்கு மேல் வெளிநாட்டுப் பணத்தின் கணக்கு ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், நம் நண்பர்கள் பலருக்கு இது தெரியாது. ரோட்டரி அறக்கட்டளையில் 'குளோபல் கிராண்ட்' என்று ஒரு வகை உதவி. அதற்குத் திட்டம் நடக்கும் நாட்டில் ஒரு சங்கமும், வேறொரு நாட்டில் ஒரு சங்கமும் கூட்டாளிகளாக இருக்க வேண்டும். திட்டத்தின் அளவு குறைந்தது 30,000 டாலர். இன்றைய மதிப்பில் 25 லட்சம் ரூபாய்க்கு மேல். குடிநீர், நோய்த் தடுப்பு, தாய்சேய் நலம், கல்வி என்று வகுத்த துறைகளுக்குள் வர வேண்டும். 2021-இலிருந்து சுற்றுச்சூழலும் ஒரு துறை. விண்ணப்பிக்கும் முன் ஊர்மக்களோடு உட்கார்ந்து தேவை என்ன என்று ஆய்வு செய்ய வேண்டும், பணம் தீர்ந்த பிறகும் திட்டம் தன் காலில் நிற்கும் என்று காட்ட வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

விதி நல்ல விதி. ஆனால் அந்த 30,000 டாலர் என்ற அடிமட்டம் என்ன செய்கிறது பாருங்கள். குப்பத்துப் பெண்களுக்கு வேண்டியது பத்து ஐஸ் பெட்டி, ஏலக்கூடத்தில் நிழல், ஒரு நேர்மையான எடைத் தராசு என்று இருக்கலாம். எல்லாம் சேர்த்து இரண்டு, மூன்று லட்சத்தைத் தாண்டாது. சின்னத் தேவை பெரிய பாத்திரத்தில் நிற்காது. ஆகவே பாத்திரத்துக்குத் தகுந்தாற்போல் தேவையைப் பெரிதாக்கத் தோன்றும். இயந்திரம் வரும், கட்டடம் வரும், ஸ்கேன் கருவி வரும். கடன் பிரிவில் இருந்தபோது யூனிட் காஸ்டைப் பார்த்துத் தொழிலைத் தேர்ந்தெடுக்கிற விண்ணப்பங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இது அதே நோய்.

வெளிநாட்டு நன்கொடை வாங்குகிற எந்த அமைப்புக்கும் இப்போது எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். பதிவு பெற்ற ஓர் அமைப்பு வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் தடை. ஏரிக்கரைச் சுயஉதவிக் குழு அந்தப் பணத்தைத் தானே கையாள்வது நடக்கிற காரியமல்ல. ஆக, செலவை முடிவு செய்யும் பேனா எப்போதும் ஊருக்கு வெளியே இருப்பவர் சட்டைப் பையில்தான் இருக்கும். அதனால்தான் முடிவெடுக்கும் கூட்டமாவது ஊருக்குள் நடக்க வேண்டும் என்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு இதன் பெரிய வடிவத்தைத் தமிழகக் கடற்கரை முழுக்கப் பார்த்தோம். 2004 டிசம்பர் 26-க்கு அடுத்த மாதங்களில் உலகம் முழுவதிலிருந்தும் பணம் கொட்டியது. படகு கொடுப்பதுதான் எல்லாருக்கும் பிடித்த உதவி. கட்டுமரம் இழந்தவருக்கு ஃபைபர் படகு வந்தது. படகே இல்லாமல் கூலிக்குப் போனவருக்கும் சில இடங்களில் படகு வந்தது. கடைசியில் சுனாமிக்கு முன் இருந்ததைவிட ஃபைபர் படகுகள் அதிகமாகிவிட்டன. படகு கூடியதே தவிர மீன் கூடவில்லை. டீசல் செலவும் கடனும் கூடின. அதே நாட்களில் நம்மாழ்வார் ஐயா நாகப்பட்டினத்தில் உப்பேறிய வயல்களில் உழவர்களோடு நின்று, மழைநீரைத் தேக்கி உப்பைக் கழுவி, பசுந்தாள் விதைத்து மடக்கி உழுது, நிலத்தை மீட்டுக்கொண்டிருந்தார். அந்த வேலைக்குப் பெரிய செலவு இல்லை. வரப்பில் நிற்கிற ஆள்தான் வேண்டியிருந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அவர்களால் நீண்ட வேலை செய்ய முடியாது என்று நான் சொன்னால் அது பொய். போலியோவைப் பாருங்கள். 1917-இல் ஆர்ச் கிளம்ப் என்ற ரோட்டரித் தலைவர் உலகுக்கு நன்மை செய்ய ஒரு நிதி வேண்டும் என்றார். அதற்கு வந்த முதல் நன்கொடை கான்சஸ் சிட்டி சங்கத்திலிருந்து வெறும் 26 டாலர் 50 சென்ட். அந்த நிதிதான் அறக்கட்டளையாக வளர்ந்தது. 1985-இல் போலியோ ஒழிப்பைக் கையில் எடுத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனை தலைவர்கள் மாறினார்கள்! வேலை மாறவில்லை. 1995 டிசம்பரில் நம் நாட்டில் பல்ஸ் போலியோ நாள் தொடங்கியது. அரசும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் செய்த பெரிய வேலைக்குப் பக்கத்தில் இவர்கள் பணத்தோடும் ஆளோடும் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சொட்டு மருந்துப் பெட்டியோடு பஸ் நிலையத்திலும் ரயிலடியிலும் நின்ற ரோட்டரிக்காரர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விரலில் மை வைத்து, வீட்டுச் சுவரில் குறி போட்டு, விட்டுப்போன குழந்தையைத் தேடி மறுநாள் மறுபடி போனார்கள். 2011 ஜனவரி 13-இல் மேற்கு வங்கத்து ஹவுராவில் கண்டறியப்பட்டதுதான் நாட்டின் கடைசி போலியோ நோயாளி. 2014 மார்ச் 27-இல் தென்கிழக்கு ஆசியப் பகுதியே போலியோ இல்லாத பகுதி என்று சான்று கிடைத்தது.

அங்கே கல்வெட்டு கிடையாது. விட்டுப்போன குழந்தை எத்தனை என்பதுதான் கணக்கு. கட்டிக் கொடுத்தது எத்தனை என்று எண்ணாமல் விட்டுப்போனது எத்தனை என்று எண்ணினார்கள், ஜெயித்தார்கள். பழவேற்காட்டுக்கும் அந்தக் கணக்கு முறையைத்தான் கேட்கிறேன். எத்தனை நிலையம் திறந்தோம் என்று வேண்டாம். மூன்றாவது வருஷம் எத்தனை ஓடுகிறது என்று சொல்லுங்கள்.

அவர்களுடைய கூட்டத்திலிருந்து நாம் கற்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏழு மணி என்றால் ஏழு மணிக்குத் தலைவர் மணியடிப்பார். நாலு பேர் இருந்தாலும் அடிப்பார். வருகைப் பதிவு உண்டு. முன்பெல்லாம் ஒரு வாரம் வராதவர், வெளியூர் போன இடத்துச் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்து ஈடு செய்ய வேண்டும். டோக்கியோவோ திருச்சியோ, எங்கே இருந்தாலும் சரி. 2016-க்குப் பிறகு விதியைத் தளர்த்தி மாதம் இரண்டு கூட்டமாவது என்று வைத்துக்கொண்டார்கள். வரவுசெலவு வாசிப்பார்கள். எட்டரைக்கு மணியடித்து முடிப்பார்கள். நம் கூட்டம் பத்து மணி என்று அறிவித்துப் பன்னிரண்டுக்குத் தொடங்கி, சாப்பாட்டுக்குப் பிறகு வரவுசெலவு வாசிக்க ஆளில்லாமல் கலைகிறது. விதைத் திருவிழாவுக்கு வசூலான பணத்தின் கணக்கைக் கேட்டால் "நம்ம ஆளுங்க மேல நம்பிக்கை இல்லியா?" என்கிறார்கள். நம்பிக்கை வேறு, கணக்கு வேறு.

இனி கொஞ்சம் கடுமையான விஷயம். சங்கங்கள் கேட்காத கேள்விகள் சில இருக்கின்றன. ஏரியின் உயிர் முகத்துவாரத்தில் இருக்கிறது. இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகும். மணல் மூடி வாய் அடைத்தால் பாடு இருந்தும் இறால் இல்லை. ஊர்க்காரர்களே திரண்டு மணலை வெட்டிவிட்ட வருஷங்கள் உண்டு. இன்னொரு பக்கம், காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டம் என்ற பேச்சு வந்த நாளிலிருந்து குப்பங்களில் தூக்கம் போய்விட்டது. மேலே நம் வயல்களிலிருந்து யூரியாவும் பூச்சி மருந்தும் வடிந்து வருகின்றன. இதையெல்லாம் பேசினால் அரசியல் என்று சங்கக் கூட்டத்தில் பேச்சை மாற்றிவிடுவார்கள். கண் சிகிச்சை முகாமுக்கு அரசியல் கிடையாது, ஏரிக்கு உண்டு!

ஆனால் நம் ஆட்கள் கேட்டார்கள். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் 1994-இல் இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனார். தஞ்சை உழவர்களோடு நின்றவர் அவர். 1996 டிசம்பர் 11 தீர்ப்பில் சிலிகா, பழவேற்காடு இரண்டு ஏரிகளையும் பெயர் சொல்லி, சுற்றி 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. பின்னால் 2005-இல் சட்டம் போட்டுப் பண்ணைகளுக்கு வழிவிட்டது வேறு கதை. ஓர் ஏரிக்கு ஆகப் பெரிய சேவை எதுவென்றால் நான் அந்த ரிட் மனுவைத்தான் சொல்வேன். அதற்கு எந்த டாலரும் தேவைப்படவில்லை. சங்கம் வழக்குப் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தண்ணீரைச் சோதித்து அறிக்கை தரலாம் அல்லவா? உறுப்பினர்களில் ரசாயனம் படித்த பேராசிரியர் இருக்கிறார், ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர் இருக்கிறார். மாதம் ஒரு தடவை முகத்துவாரத்திலும் ஆரணி ஆறு விழும் இடத்திலும் உப்பு எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்று எடுத்து, தமிழில் எழுதி, ஏலக்கூடத்துப் பலகையில் ஒட்டினால் அதைவிட நல்ல திட்டம் எனக்குத் தெரியவில்லை. நம் வயல் நீரும் அதில் அம்பலமாகும். ஆகட்டும்.

இல்லாத விதி எதையும் நான் கேட்கவில்லை. அவர்கள் புத்தகத்திலேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டு கப்பராஸ் உலகத் தலைவராக இருந்த 1986-இல் கிராமக் குழு என்று தொடங்கினார்கள். இன்று ரோட்டரி சமுதாயக் குழு என்று பெயர். சங்க உறுப்பினர் அல்லாத ஊர்மக்களே குழுவாகி, தங்கள் ஊர் வேலையைத் தாங்களே திட்டமிட, பக்கத்துச் சங்கம் துணை நிற்பது. கோட்டைக்குப்பத்தில் ஒரு குழு, ஜமீலாபாத்தில் பனையோலை முடையும் பெண்களோடு ஒரு குழு, இருளர் பெண்களோடு தனியாக ஒரு குழு. பாட்டில் சீட்டு இல்லாதவர்களுக்கும் அங்கே இடம் கிடைக்கும். சிகாகோவில் துணி தைப்பவருக்கு முதல் நாளே நாற்காலி இருந்தது. இறால் பிடிப்பவருக்குப் பொன்னேரியிலும் மீஞ்சூரிலும் அது கிடைப்பதில் என்ன தடை?

இதில் நம் வேலை என்ன? நம்மில் பாதிப்பேர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தச் சங்க மேடைகளில் ஏறுகிறோம். 'இயற்கை விவசாயி' என்று அறிமுகம், பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு, பத்து நிமிஷப் பேச்சு. என் வீட்டில் பொன்னாடை மட்டும் ஒரு பீரோத் தட்டு நிறைய இருக்கிறது. கை தட்டியவர்களில் எத்தனை பேர் நம் அரிசியை வாங்குகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த தடவை கூப்பிடும்போது, பொன்னாடை வேண்டாம் என்று பணிவாகச் சொல்லுங்கள். பதிலுக்கு மூன்று கேளுங்கள். வருஷத்தில் நாலு கூட்டமாவது ஏதாவது ஒரு குப்பத்தில், ஊர்ப் பஞ்சாயத்து கூடும் அதே இடத்தில், ஊர்க்காரர்களையும் உட்காரவைத்து நடத்துங்கள். திட்டத்துக்கு எழுதும்போதே மூன்று வருஷப் பராமரிப்புப் பணத்தை வைப்பு நிதியாக ஒதுக்குங்கள். ஜூனில் முடிப்பவர் பெயரோடு மூன்றாவது ஜூனில் வந்து பார்க்கிறவர் பெயரும் கல்வெட்டில் இருக்கட்டும். உறுப்பினர் வீடுகளுக்கு மாதம் ஒரு மூட்டை இயற்கை அரிசியும், வாரம் ஒரு நாள் குப்பத்துப் பெண்களிடம் நேரே மீனும் வாங்குங்கள். முப்பது வீடு வாங்கினாலே ஐஸ் பெட்டிக்கு நன்கொடை கேட்க வேண்டியிருக்காது.

வெளிநாட்டு விருந்தினர் வந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். பழவேற்காட்டுக்கு அது புதிதல்ல. 1613-லேயே டச்சுக்காரர்கள் வந்து கெல்டிரியா கோட்டை கட்டித் துணி வியாபாரம் செய்த ஊர். வந்தவர் என்ன கொண்டுவந்தார், என்ன கொண்டுபோனார் என்று கணக்குப் பார்க்க அந்த ஊருக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தின் அடுத்த ஆண்டுத் தலைவரிடம் இதைச் சொன்னேன். முதல் கூட்டத்தை ஏரிக்கரையில் வைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மாலை ஏழு மணி என்றார். ஏழு மணிக்குக் குப்பத்தில் யாரும் வர மாட்டார்கள், விடியற்காலை மூன்று மணிக்கு ஏரியில் இறங்குகிறவர்கள் அதற்குள் படுத்துவிடுவார்கள் என்றேன். பகல் மூன்று மணிக்கு, வலை உணர்த்தி முடித்த நேரம் என்று பேசியிருக்கிறோம். மணி அவர் கொண்டுவருகிறார். பாய் ஊரில் இருக்கிறது. பொன்னேரிப் பக்கத்து நண்பர்கள் ஐந்தாறு பேராவது கையில் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரோடும், வடிகால் தண்ணீரோடும் வந்தால் நல்லது. உப்புப் பார்க்கும் கருவி ஒருவரிடம் இருக்கிறது.